பெயரால் குழம்பிய மென்பொருள்: உங்கள் அனுபவம் என்ன?

நாகர்கோவிலிலிருந்து:
திறந்த மூல மென்பொருளில் (நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடியது) ஒரு பாகத்தின் பெயரே ஆளைக் குழப்பிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள். முதலில் என்னுடையது. முன்பு கல்லூரிப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் இயங்குதளம் சொல்லிக்கொடுத்தபோது, பாடத்தில் இருந்தபடி ‘நோட்’ என்று அடிப்பார்கள். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று கணினி சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸைத்தான் அந்தக் கட்டளை ஓட்ட வேண்டும், அது நிறுவித்தான் இருக்கும்! லினக்ஸின் ஒரு வகையான டெபியனில் அந்தப் பெயரை அமெச்சூர் ரேடியோவுக்கான ஒரு நிரல் ஏற்கெனவே வைத்திருந்தது. விவகாரம் 2012இல் டெபியனின் தொழில்நுட்பக் குழு வரை போனது. அதன்பின் வெகுகாலம் ‘நோட்ஜேஎஸ்’ என்றே அடிக்க வேண்டியிருந்தது. புதிதாகக் கற்கும் பிள்ளை, தப்பு தன்மேல்தான் என்று நினைத்துக்கொள்ளும். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

தக்கலையிலிருந்து:
உண்மைதான் அண்ணே. பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றும் சிறு திட்டம் ஒன்றில் நான் பங்களிக்கிறேன். அதில் ‘என்கோடர்’ என்று ஒரு பாகம். எழுத்தை மாற்றுவது அதுதான் என்று யாருக்கும் தோன்றும். உண்மையில், வந்த உரை எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது மட்டுமே அதன் வேலை. பழைய எழுத்துருக்களில் ஒற்றைக்கொம்பை எழுத்துக்கு முன்னால் அடிப்போம், யூனிகோடில் அது பின்னால் போக வேண்டும். ‘கொ’ உடைந்து வருகிறது என்று திருத்த வந்தவர்கள் எல்லாம் என்கோடரைத் திறந்து வைத்துக்கொண்டு தேடுவார்கள். அந்த வேலை நடப்பதோ வேறு கோப்பில்.

பழகியவர்களுக்கு இது உறுத்தவே இல்லை. கேள்வி கேட்டது புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கச்சி. நீண்ட பேச்சுக்குப் பிறகு ‘ஃபான்ட் டிடெக்டர்’ என்று மாற்றினோம்.

மாற்றும்போது கவனித்தவை: பெயர் மாற்றத்தை மட்டும் தனி கமிட்டாக (ஒரே தடவையில் பதியும் மாற்றம்) போட்டோம். நிரலின் பதிப்புகளைச் சேமித்து வைக்கும் ‘கிட்’ மென்பொருள், பெயர் மாறியதை எங்கும் குறித்து வைப்பதில்லை. பழைய கோப்பும் புதியதும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்த்துத்தான் ஊகிக்கிறது, இயல்பான வரம்பு 50 சதவீதம். அதே கமிட்டில் உள்ளடக்கத்தையும் கலைத்துப்போட்டால் கோப்பின் வரலாறு அறுந்துவிடும்.

பழைய பெயரையும் எடுக்கவில்லை. அதை அழைத்தால் புதியது ஓடும், கூடவே எச்சரிக்கை வரும். நாகர்கோவிலில் வடசேரிப் பேருந்து நிலையத்துக்கு கிறிஸ்டோபர் பேருந்து நிலையம் என்று எழுதியிருந்தாலும், ‘வடசேரி’ என்று சொல்லி ஏறுகிறவரையும் பஸ் அங்கேதானே இறக்கிவிடுகிறது?

குளச்சலிலிருந்து:
அக்கா, அந்த எச்சரிக்கை யார் கண்ணிலாவது பட்டதா? நான் பயன்படுத்திய ஒரு நிரல் நூலகத்திலும் (பிறர் எழுதி வைத்து, நம் நிரலில் சேர்த்துக்கொள்வது) இப்படித்தான் பெயர் மாற்றினார்கள். பைத்தான் நிரல்மொழியில், ‘இது இனி கைவிடப்படும்’ என்று சொல்லும் ‘டெப்ரிகேஷன் வார்னிங்’ போட்டால், நாம் நேரடியாக ஓட்டும் கோப்பைத் தவிர மற்ற இடங்களில் இயல்பாக அது மறைந்தே இருக்கும். எனக்கு ஒரு வரிகூடத் தெரியவில்லை. அடுத்த பதிப்பில் பழைய பெயரை எடுத்துவிட்டார்கள், என் நிரல் அப்படியே நின்றுபோனது. மீன் ஏலக் கணக்குக்காக எழுதியது அது, காலையில் கடற்கரையில் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் பழைய பெயரை எப்போது எடுப்பீர்கள்?

தக்கலையிலிருந்து:
எங்களுடையதும் பைத்தான்தான் தம்பி. அதனால்தான் ‘ஃபியூச்சர் வார்னிங்’ போட்டோம், அது பயனருக்கு இயல்பாகவே தெரியும். பழைய பெயரைப் பெரிய பதிப்பு எண் மாறும்போதுதான் எடுப்போம். அதற்குள் அதை இன்னும் பயன்படுத்தும் திட்டங்களைத் தேடி, நாங்களே திருத்தம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். உங்கள் நிரலின் இணைப்பைப் போடுங்கள், அதையும் பார்க்கிறேன்.