சமூகவியல் மாணவரை எதை வைத்து மதிப்பிடுவது? மூன்று மணி நேரத் தேர்வா, களமும் வாய்மொழியுமா?

தஞ்சை ஆசிரியை

விடைத்தாள் திருத்தும் முகாம் முடிந்து வந்திருக்கிறேன், மனசு ஆறவில்லை. பி.ஏ. சமூகவியல், இந்தியச் சமூகம் தாள். இரண்டு மதிப்பெண் கேள்வி: 'சமஸ்கிருதமயமாதல் என்றால் என்ன?' (கீழ்நிலையில் வைக்கப்பட்ட சாதியினர் மேல்சாதி வழக்கங்களைக் கைக்கொண்டு உயரப் பார்ப்பது.) காலையில் 20 தாள், மதியம் 20 தாள். நாற்பதிலும் ஏறக்குறைய ஒரே வாக்கியம், கைடில் உள்ளபடியே. எல்லாருக்கும் இரண்டு மதிப்பெண் போட்டேன். விடைக்குறிப்பிலும் அதே வாக்கியம்தான் இருக்கிறது, வேறென்ன செய்ய?

இதே கேள்வியை வகுப்பில் ஒரு மாணவியிடம் வாய்மொழியாகக் கேட்டிருந்தேன். "எங்க பாட்டி காலத்துல புருஷன் செத்தா மறுபடி கட்டிக்குவாங்க மேடம். எங்க பாட்டியே அப்படிக் கட்டினவங்கதான். அப்புறம் எங்க ஆளுங்க நிலம் வாங்கினாங்க, ஐயரை வெச்சுக் கல்யாணம் பண்ண ஆரம்பிச்சாங்க. இப்ப எங்க சித்திக்கு 26 வயசு. மறுகல்யாணம்னு வாயத் திறக்க விடமாட்டேங்கிறாங்க" என்றாள். சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1952-ல் கூர்க் மக்களைப் பற்றிய நூலில் முன்வைத்த கருத்து இது. மேல்சாதி வழக்கத்தைக் கைக்கொள்ளும்போது பெண்கள் மீதான கட்டு இறுகும் என்பதையும் அவர் எழுதியிருக்கிறார். அந்தப் பெண் தன் வீட்டைப் பார்த்தே அதைக் கண்டுபிடித்துவிட்டாள். பல்கலைக்கழகத் தேர்வில் அவள் வாங்கியது 75-க்கு 34.

பல்கலைக்கழகம் நடத்தும் வெளித்தேர்வு 75, கல்லூரி ஆசிரியர்களே போடும் அக மதிப்பீடு 25 என்ற பிரிப்பை மாற்ற வேண்டும். எழுத்துத் தேர்வு 40 போதும். மீதி 60-ஐ கள அறிக்கைக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் கொடுங்கள்.

முதல் தலைமுறை

மேடம், உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் இந்த யோசனையைக் கேட்டதும் எனக்குப் பயம்தான் வந்தது.

நான் படித்த கல்லூரியில் விடுதிச் சாப்பாடு சரியில்லை என்று மனு எழுதினோம். கையெழுத்துப் போட்ட ஏழு பேருக்கும் அந்தப் பருவத்தில் அக மதிப்பெண் 25-க்கு 12, 13 என்று வந்தது. வெளித்தேர்வில் அதே ஏழு பேரில் நான்கு பேர் முதல் வகுப்பு. அந்தத் தாளில் என் பெயர் இல்லை, ஊர் இல்லை, அடையாளத்தை மறைக்கப் போடும் டம்மி எண் மட்டும்தான் இருந்தது. உதவித்தொகைப் பட்டியலில் என் பெயர் எங்கே இருக்கிறது என்று அதைத் திருத்தியவருக்குத் தெரியாது. கல்லூரிக் காலத்தில் என்னை யாரென்று பார்க்காமல் மதிப்பிட்டது அந்த ஒரு இடம்தான். முகம் பார்த்துப் போடும் மதிப்பெண் 60 ஆனால் என்னைப் போன்றவர்கள் எங்கே போவது? சாதியைப் பாடமாக நடத்தும் துறை இதை யோசிக்க வேண்டாமா?

கௌரவ விரிவுரையாளர்

இருவர் சொல்வதும் சரி, ஆனால் வேலை செய்கிறவனாக ஒன்று சொல்கிறேன். என் வகுப்பில் 60 பேர். ஆளுக்குப் பத்து நிமிடம் வாய்மொழி என்றாலே பத்து மணி நேரம், அதுவும் ஒரு தாளுக்கு மட்டும்.

இப்போதே மூன்றாம் ஆண்டில் திட்ட அறிக்கை இருக்கிறதே, அது எப்படி வருகிறது? போன ஆண்டு என்னிடம் வந்த ஒன்றில் 50 கேள்வித்தாள்கள், ஐம்பதும் ஒரே நீலப் பேனா, ஒரே கையெழுத்து. 'சுய உதவிக் குழுவால் உங்கள் வாழ்க்கை முன்னேறியதா?' என்ற கேள்விக்கு 50 பேரும் 'ஆம்'. மரத்தடியில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருவதற்காகக் கற்றல் விளைவு அட்டவணைகளும் நிரப்புகிறோம். அதற்காக வினாத்தாளில் 'என்றால் என்ன' என்பதை 'பகுப்பாய்க' என்று மாற்றினோம். விடைக்குறிப்பு மட்டும் மாறவே இல்லை.

தஞ்சை ஆசிரியை

சார், பொய்க் களப்பணியை வாய்மொழியில் பிடித்துவிடலாம். நான் ஒரு கேள்வி கேட்பேன்: "எந்த வீட்டில் உனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், எந்த வீட்டில் கொடுக்கவில்லை?" போகாதவர்களால் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

முதல் தலைமுறை

மேடம், அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால் நான் உடைந்து போயிருப்பேன்.

களத்துக்குள் எல்லாரும் ஒரே வாசல் வழியாகப் போவதில்லை. உங்கள் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தெய் தஞ்சாவூர்க் கிராமம் ஒன்றுக்கு ஸ்ரீபுரம் என்று பெயர் வைத்து எழுதிய ஆய்வு 1965-ல் வந்தது. அவர் தங்கியது அக்ரகாரத்தில். அதனாலேயே ஆதிதிராவிடர் தெருவுக்குள் இயல்பாகப் பழக முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அவ்வளவு பெரிய அறிஞருக்கே அப்படி என்றால், 19 வயதுப் பிள்ளைக்கு எந்தக் கதவு திறக்கும், எது மூடும் என்பது அவனுடைய திறமையா? அதற்கு மதிப்பெண் போடலாமா?

மனப்பாடத்தை நானும் ஆதரிக்கவில்லை. டம்மி எண்ணை விடாமலே கேள்வியை மாற்றலாம் என்கிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து நான்கு எண்களைக் கொடுங்கள். தமிழ்நாட்டில் 1000 ஆண்களுக்குப் பெண்கள்: 2001-ல் 987, 2011-ல் 996. ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில்: 942, 943. 'மொத்த விகிதம் 9 கூடியிருக்க, குழந்தைகளில் 1 மட்டும் கூடியது ஏன்?' இதற்குக் கைடில் விடை கிடையாது.

தஞ்சை ஆசிரியை

தண்ணீர்க் கேள்வி பற்றி நீங்கள் சொன்னது உறைத்தது தம்பி. பதில் சொல்லும் பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று நான் யோசித்ததில்லை. இனி அதைக் கேட்க மாட்டேன்.

உங்கள் எண்களை நேற்று வகுப்பில் எழுதிப் போட்டேன். 52 பேர், 40 நிமிடம். பாதிப் பேர் முதல் கால் மணி நேரம் பேனாவையே எடுக்கவில்லை. 'பாலின விகிதம்: வரையறை' என்று தலைப்புப் போட்டு எழுதியவர்கள் நிறைய. ஆனால் ஒரு பையன், "கிழவிகள் அதிக நாள் இருக்கிறார்கள், அதனால் மொத்தம் கூடியது. பெண் குழந்தை பிறப்பதும் பிழைப்பதும் மாறவில்லை" என்று இரண்டே வரி எழுதியிருந்தான். ஆண்கள் வேலைக்கு வெளிமாநிலம் போவதை இன்னொருத்தி சேர்த்திருந்தாள். இந்தக் கேள்வியை வெளித்தேர்வில் சேர்க்க நான் பாடத்திட்டக் குழுவில் பேசுகிறேன்.

ஆனாலும் சித்தியைப் பற்றிச் சொன்ன அந்தப் பெண் எந்த அட்டவணையிலும் வரமாட்டாள். எதிரில் உட்கார்ந்து கேட்டால்தான் வாய் திறப்பாள். அவளுக்காகவாவது வாய்மொழி வேண்டும்.

முதல் தலைமுறை

சரி மேடம். வேறு கல்லூரி ஆசிரியர் ஒருவர் கூட உட்கார வேண்டும், பேசியது குரல் பதிவாக இருக்க வேண்டும், மாணவர் கேட்டால் மறுமதிப்பீடு செய்ய வேண்டும். இந்த மூன்றும் எழுத்தில் வந்தால் வாய்மொழிக்கு 20 வரை ஒத்துக்கொள்கிறேன். 60-க்கு மாட்டேன்.