புதுப்பிப்பு: ஞாயிறு யோகாவுக்குப் பிள்ளைகள் வராத கதை

சென்னை வியாசர்பாடியில் 4 வருடமாக நாங்கள் வழிகாட்டிவரும் 9-ஆம் வகுப்புப் பிள்ளைகள் ஞாயிறு காலை யோகாவுக்கு வருவதே இல்லை என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. சோம்பல் இல்லை, பசி. “அண்ணா, மூச்சை இழுத்தா வயிறு கத்துது” என்றான் ஒருவன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் பள்ளி நாட்களில் மட்டும்தான், அதுவும் 5-ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. எனக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும். பள்ளியில் வாராவாரம் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையையும் வெறும் வயிற்றில் போட்டு, குமட்டி, அப்புறம் ஜன்னல் வழியே வீசியிருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கச் சொல்லியிருக்கிறோம்.

இப்போது முதலில் இட்லி, கொஞ்சம் அரட்டை, அப்புறம் கால்பந்து. யோகா? கடைசி 10 நிமிடம். போன வாரம் 11 பேர் வந்தார்கள். பாயை மறந்துவிட்டு வந்தது நான்தான்.