பென்னி கார்ட்டரின் நான்கு சாக்ஸபோன்கள்: வாசித்தவர்கள், நோட் எடுத்தவர்கள் பகிரலாம்

தட்டுப்பெட்டி:
அமெரிக்க ஜாஸ் கலைஞர் பென்னி கார்ட்டர் (1907–2003) ஆல்ட்டோ சாக்ஸபோன், ட்ரம்பெட், மெட்டமைப்பு, குழுவுக்கான ஏற்பாடு (எந்த வாத்தியம் எந்த நோட் வாசிக்கணும் என்று எழுதுவது) என நாலிலும் கை வைத்தவர். பிறந்த வருஷம், வாங்கிய விருது எல்லாம் எங்கும் கிடைக்கும். நான்கு சாக்ஸபோன்கள் சேர்ந்து வாசிக்க அவர் எழுதிய பகுதிகளை வாசித்தவர்களும், பதிவைக் கேட்டு நோட்டுகளை எழுதி எடுத்தவர்களும், எங்கே சறுக்குகிறது, ஏன் சறுக்குகிறது என்று எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், சரக்கு போதும்.

பார்ட் எழுதுபவன்:
அவர் எப்படிக் கற்றார் என்பதிலிருந்தே ஆரம்பிக்கணும். ஏற்பாட்டுக்கு அவருக்கு ஆசிரியர் இல்லை. அச்சில் விற்ற ஏற்பாடுகளின் பார்ட்டுகளை (ஒவ்வொரு வாத்தியத்துக்குமான தனித் தாள்) தரையில் பரப்பி, மண்டிபோட்டு ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லா வாத்தியத்தையும் ஒரே தாளில் அடுக்கும் ஸ்கோர் அவருக்குப் பழக்கமானதே வெகுநாள் கழித்துத்தான். அதனால் மெட்டைத் தாங்கும் மேல் குரலான லீட் பார்ட்டை முதலில் எழுதி முடித்துவிட்டு, மற்றவற்றை அதன் கீழே வைப்பார். சுற்றுவழிதான். ஆனால் 1930இல் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவுக்கு எழுதிய 'கீப் எ சாங் இன் யுவர் சோல்', 1933இல் தன் குழுவோடு பதிவு செய்த 'சிம்ஃபனி இன் ரிஃப்ஸ்' இரண்டிலும் அதன் பலன் கேட்கும். லீட் ஆல்ட்டோவை மட்டும் பிரித்து வாசித்தால் அதுவே ஒரு சோலோவாக நிற்கும்.

நீங்களும் இந்த ஒலியை எழுதிப் பார்க்க, சி மேஜரில் ஒரு உதாரணம். மெட்டு ஜி, கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) சி சிக்ஸ்த் என்றால் மேலிருந்து கீழாக ஜி, ஈ, சி, ஏ. நாலு சாக்ஸின் குரலும் ஒரு ஆக்டேவுக்குள் (ஒரு ஸ்தாயிக்குள்) அடங்கிவிடும். மெட்டு எஃப்-ஐத் தொட்டுக் கடக்கும்போதுதான் தப்பு நடக்கும். பழைய கார்டையே பிடித்துக்கொண்டு எஃப்-க்குக் கீழே ஈ வைத்தால், அரைச்சுரம் உரசி மெட்டே மங்கிப்போகும். அங்கே பி டிமினிஷ்ட் போடுங்கள்: எஃப், டி, பி, ஏ ஃப்ளாட். அடுத்த நோட்டில் சி சிக்ஸ்த்துக்குத் திரும்பலாம்.

பார்ட் பிரிக்கும்போது கவனம், சாக்ஸில் எழுதும் நோட் ஒன்று, ஒலிப்பது வேறு: ஒலிக்க வேண்டியது சி என்றால் ஆல்ட்டோ தாளில் ஏ, அதைவிடத் தாழ்ந்த டெனர் சாக்ஸின் தாளில் டி. டெனர் எழுதியதைவிட ஒரு ஆக்டேவும் ஒரு முழுச்சுரமும் கீழே ஒலிக்கும். அந்த ஆக்டேவை மறப்பவர்கள் ஏராளம்.

இரண்டாம் டெனர்:
கீழ் பார்ட் வாசிப்பவர்கள் சார்பில் ஒரு முறையீடு. தனியாக வாசித்தால் எங்கள் பார்ட்டுக்கு அர்த்தமே இருக்காது. ஒரே நோட் மூன்று முறை வரும், திடீரென்று தாவும். அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள்.

ஒத்திகையை இந்த வரிசையில் செய்தால் நேரம் மிச்சம். லீட் ஆல்ட்டோ எங்கே மூச்சு எடுக்கிறாரோ, அந்த இடத்தை நாலு பேர் தாளிலும் பென்சிலால் குறித்துவிடுங்கள். பிறகு பாதி வேகத்தில், வைப்ரேட்டோ (சுரத்தை லேசாக ஆட்டுவது) இல்லாமல், லீடும் கடைசிக் குரலும் மட்டும். அது சுருதி சேர்ந்த பிறகு நடுவில் இருப்பவர்கள் நுழையலாம். வைப்ரேட்டோ கடைசியில்தான், அதுவும் லீட் ஆட்டும் வேகத்தில். நாலு பேர் நாலு வேகத்தில் ஆட்டினால் கார்டு கலங்கிவிடும்.

நெருக்கமாக அடுக்கியிருப்பதால் டெனர்கள் மேல் ஸ்தாயியில் நிற்க வேண்டிவரும். அங்கே பலருக்கு சுருதி ஏறும், உதட்டால் கடிப்பதுதான் காரணம். மவுத்பீஸை (வாயில் வைக்கும் முனையை) வெளியே இழுத்தால் கீழ் ஸ்தாயி இறங்கிப்போகும். தாடையைத் தளர்த்துவதே வழி. லீட் கேட்கட்டும் என்று நடுக்குரல்கள் அடங்கி வாசிப்பதும் தப்பு. மேல் நோட்டு எப்படியும் தானாகக் கேட்கும், நாங்கள் குறைந்தால் கனம்தான் போகும்.

தட்டுப்பெட்டி:
கார்ட்டரின் 'வென் லைட்ஸ் ஆர் லோ' பாட்டை ஜாமில் (ஒத்திகையில்லாமல் கூடி வாசிப்பதில்) எடுத்தால் எப்போதும் 17ஆவது பாரில் (தாள அளவில்) மோதுகிறதே, அது ஏன்?

பார்ட் எழுதுபவன்:
ஒரே பெயரில் இரண்டு பிரிட்ஜ் (17ஆவது பாரில் தொடங்கும் நடுப்பகுதி) புழங்குகிறது. கார்ட்டர் 1936இல் லண்டனில் பதிவு செய்த மூலத்தில், நடு 8 பாரில் கார்டுகள் ஒரே சுருதியில் நிற்காது. 1953இல் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் பதிவு செய்தபோது அந்தப் பகுதியை விட்டுவிட்டு, முதல் 8 பாரையே நான்காம் சுரத்துக்கு ஏற்றி வாசித்தார். பிறகு வந்த பலர் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பியானோ ஒன்றையும் சாக்ஸ் இன்னொன்றையும் எடுத்தால் மோதாமல் என்ன செய்யும்? ஆரம்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் கார்ட்டருடையதுதான் பாட்டு, மற்றது சுருக்குவழி. 1939 செப்டம்பரில் லயனல் ஹாம்ப்டன் குழு இதைப் பதிவு செய்தபோது ஏற்பாடு கார்ட்டர்தான். ஒரு ஆல்ட்டோவுக்குக் கீழே கோல்மன் ஹாக்கின்ஸ், பென் வெப்ஸ்டர், சூ பெரி என்று மூன்று டெனர்!

பழைய தட்டு:
லண்டன் பேச்சு வந்ததால் ஒன்று. 1936இல் அங்கே வெளிநாட்டு வாத்தியக்காரர் வேலை செய்யக் கட்டுப்பாடு இருந்தது. கார்ட்டர் போனது பிபிசியில் ஹென்றி ஹால் நடத்திய நடன இசைக்குழுவுக்கு ஏற்பாட்டாளராக. வாரத்துக்கு 3 முதல் 6 ஏற்பாடு. அந்த வேகத்துக்கு ஒவ்வொரு நோட்டையும் யோசித்து அடுக்க முடியாது, கை பழகியிருக்க வேண்டும்.

அடுத்து பாரிஸில் ஒரு பதிவு, 1937 ஏப்ரல் 28. ஆல்ட்டோவில் கார்ட்டரும் ஆந்த்ரே எக்கியானும், டெனரில் கோல்மன் ஹாக்கின்ஸும் அலிக்ஸ் கோம்பெல்லும். கிட்டார் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட். வயலின்காரர் ஸ்டீஃபன் கிராப்பெல்லி அன்று பியானோவில். 'ஹனிசக்கிள் ரோஸ்', 'கிரேஸி ரிதம்' இரண்டும் 'ஸ்விங்' நிறுவனத்தின் முதல் தட்டாக வந்தன. 'கிரேஸி ரிதம்' சோலோ வரிசை எக்கியான், கோம்பெல், கார்ட்டர், ஹாக்கின்ஸ். காதுப் பயிற்சிக்கு இதைவிட நல்ல தட்டு கிடையாது, ஒரே பாட்டில் இரண்டு ஆல்ட்டோ, இரண்டு டெனர் அடுத்தடுத்து வருகிறது.

1961 நவம்பரில் 'ஃபர்தர் டெஃபனிஷன்ஸ்' தட்டுக்கு அதே இரண்டு ஆல்ட்டோ, இரண்டு டெனர் அமைப்பு: கார்ட்டர், ஃபில் வுட்ஸ், ஹாக்கின்ஸ், சார்லி ரவுஸ். அந்த இரண்டு பாட்டும் மறுபடி உண்டு. 24 வருஷ இடைவெளியை அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள்.

மூன்றாம் வால்வு:
ட்ரம்பெட்டையும் மறக்காதீர்கள். அவர் முதலில் ஆசைப்பட்டதே அதற்குத்தான், அக்கம்பக்கத்தில் இருந்த ட்ரம்பெட்காரர் பபர் மைலியைப் பார்த்து. வாங்கியது உடனே கைக்கு வரவில்லை என்று சி மெலடி சாக்ஸபோனுக்கு மாற்றிக்கொண்டார். சி மெலடிக்கு ஒரு சௌகரியம்: பியானோ தாளை அப்படியே வாசிக்கலாம், சுருதி மாற்ற வேண்டாம்.

இரண்டையும் வாசிக்க நினைப்பவர்களுக்கு: சாக்ஸில் அதிர்வது ரீட் (மவுத்பீஸில் பொருத்தும் நாணல் தகடு), ட்ரம்பெட்டில் உதடு. ட்ரம்பெட்டைச் சில நாள் விட்டாலே உதட்டின் பலம் இறங்கிவிடும். 1939 'மோர் தேன் யூ நோ'வில் அவர் ட்ரம்பெட் கேட்டால் இரண்டாம் வாத்தியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பழைய தட்டு:
தொழில் பக்கமும் ஒரு வரி. 1940களில் லாஸ் ஏஞ்சலஸில் குடியேறி, 1943 'ஸ்டார்மி வெதர்' தொடங்கிப் படங்களுக்கும், பிறகு 'எம் ஸ்குவாட்' போன்ற தொலைக்காட்சித் தொடர்களுக்கும் எழுதினார். அங்கே இசைக்கலைஞர் சங்கத்தில் கறுப்பினத்தவர் கிளை (எண் 767) தனி, வெள்ளையர் கிளை (எண் 47) தனி. 1953இல் இரண்டும் இணைந்ததில் கார்ட்டருக்குப் பெரிய பங்கு.

தட்டுப்பெட்டி:
1937 பாரிஸ் தட்டிலிருந்து நோட் எடுக்கும்போது சுருதி பியானோவின் இரண்டு சாவிக்கு நடுவில் நிற்கிறது. எதை எடுப்பது?

இரண்டாம் டெனர்:
தட்டு ஓடிய வேகத்தைச் சந்தேகப்படுங்கள். சுமார் 6 சதவீத வேக வித்தியாசமே அரைச்சுரம் ஆகிவிடும். மென்பொருளில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்தே நகர்த்துங்கள், சுருதியை மட்டும் நகர்த்தினால் வைப்ரேட்டோவின் வேகம் தப்பாகவே இருக்கும். கிராப்பெல்லியின் பியானோ உங்கள் பியானோவோடு சேர்ந்ததும், லீட் ஆல்ட்டோவிலிருந்து எழுத ஆரம்பியுங்கள்.