புதுப்பிப்பு: அந்த விட்பி அஞ்சலட்டையின் வயது

பழைய புத்தகக் கடையில் கிடைத்த, இங்கிலாந்தின் கடலோர ஊரான விட்பியின் துறைமுக அஞ்சலட்டை 1890களைச் சேர்ந்தது என்று போன வாரம் அடித்துச் சொல்லியிருந்தேன். தவறு என்னுடையது, அட்டையைத் திருப்பியே பார்க்கவில்லை!

பின்பக்கம் நடுவில் ஒரு கோடு. இடப்புறம் பென்சிலில் நலம் விசாரிப்பு, வலப்புறம் முகவரி. பிரிட்டனில் இப்படி இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத 1902இல்தான் அனுமதித்தார்கள். ஒட்டியிருப்பது அரை பென்னி தபால்தலை. 1918இல் அஞ்சலட்டைக் கட்டணம் ஒரு பென்னியானது, ஆகவே இது அதற்கு முன் அனுப்பியது.

பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தேன். ஊரின் எஸ்க் ஆற்றின் குறுக்கே 1908 வாக்கில் கட்டிய சுழல்பாலம் (கப்பலுக்கு வழிவிடத் திரும்பும் பாலம்) பளிச்சென்று தெரிகிறது. இத்தனை நாள் அதைக் கப்பலின் விளிம்பு என்று நினைத்திருந்தேன். குன்றின் மேல் மடாலயமும் இருக்கிறது. 1914 டிசம்பரில் ஜெர்மானியக் கப்பல்கள் சுட்டதில் அதன் மேற்கு முகப்பு சேதமடைந்தது. படம் அதற்கு முந்தையதா என்று பார்க்கலாமென்றால், சரியாக அந்த இடத்தில் மைக்கறை.