சப்நாட்டிகா (கடலுக்கடியில் உயிர்பிழைக்கும் வீடியோ கேம்): தொடக்கத்திலேயே தண்ணீரும் காற்றும் போதவில்லை

கேள்வி (செல்லூர், மதுரை):
வணக்கம். குடிநீரைத் தேடினால் மூச்சுக்காற்று தீர்கிறது; மேலே வந்தால் பையில் இடமில்லை. எதை முதலில் சேர்க்க வேண்டும்?

பதில் (திருமங்கலம்):
தம்பி, மூன்று டைட்டானியத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் செய்துகொள்ளுங்கள். மூச்சுக்காற்று 45 விநாடியிலிருந்து 75 விநாடி ஆகும். உலோகக் கழிவு ஒன்றிலிருந்தே நான்கு டைட்டானியம் கிடைப்பதால், சுண்ணாம்புப் பாறைகளைச் செம்பு வேண்டும்போது உடைத்தால் போதும். பிளாடர்ஃபிஷ் என்ற மீனைச் சமைக்காமல் தண்ணீராக மாற்றுங்கள். பைச்சுமைக்கு, மிதக்கும் லாக்கர் உண்டு.

பதில் (மேலூர்):
சமைத்த மீன் கெட்டுவிடும். உப்பிட்டது நம் கருவாட்டைப் போலக் கெடாது என்றாலும் தாகத்தைக் கூட்டும். அந்த உப்பைப் பவளக்குழாய்த் துண்டுடன் சேர்த்து பிளீச் (நீரைச் சுத்தப்படுத்தும் பொருள்) தயாரித்தால், ஒரு பிளீச்சுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் வரும் என்பதால், என் கணக்கில் அதுவே லாபம்.

செல்லூர்:
நன்றி அண்ணே. கேமை சேமிப்பது (save) தானாக நடக்குமா?

மேலூர்:
நடக்காது. கரண்ட் போவதற்குள் நீங்களே சேமித்துவிடுங்கள்.