ராகி பொது மையத்துக்குப் பிணை கேட்கும் வங்கி: வழி சொல்லுங்கள்

வணக்கம். தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் முந்நூறு பேருக்கு மேல் இருக்கிறோம், எல்லாருமே மானாவாரி ராகி விவசாயிகள். கல் நீக்க, அரைக்க, பாக்கெட் போட ஒரு பொது மையம் வேண்டும் என்று பிஎம்எஃப்எம்இ திட்டத்தில் (சிறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான ஒன்றிய அரசுத் திட்டம்) விண்ணப்பித்தோம். பொதுக் கட்டமைப்புக்கு 35 சதவீத மானியம், உச்ச வரம்பு 3 கோடி. எங்கள் திட்ட மதிப்பு 60 லட்சம்தான். ஆனால் மானியம் கடனோடு இணைந்தது, கடன் வராமல் அது வராது. அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

தை மாதத்திலிருந்து கோப்பு வங்கியில் கிடக்கிறது. இயக்குநர்கள் சொந்த நிலத்தை அடமானம் வைக்கச் சொல்கிறார்கள். ஆளுக்கு ஓரிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்களிடம் அதைக் கேட்பது நியாயமே இல்லை. விண்ணப்பதாரர்களுக்கு உதவ இந்தத் திட்டத்தில் நியமிக்கப்பட்ட மாவட்ட வள நபர் உதவியோடு திட்ட அறிக்கையைத் திருத்திக் கொடுத்துவிட்டோம், பங்குத் தொகையும் கணக்கில் இருக்கிறது, இடம் நீண்டகாலக் குத்தகை. ஒன்றிய அரசின் வேளாண் உட்கட்டமைப்பு நிதித் திட்டத்தில் 2 கோடி வரைக்கும் 3 சதவீத வட்டிச் சலுகையும் கடன் உத்தரவாதமும் (கடன் திரும்பாவிட்டால் வங்கியின் இழப்பை ஈடுகட்டும் ஏற்பாடு) உண்டே என்று எடுத்துச் சொன்னோம், மேலிடத்தில் கேட்கிறோம் என்பதோடு சரி. அப்புறம் இன்னொரு வங்கிக்குப் போனால் மூன்று வருட லாபக் கணக்கு கேட்கிறார்கள், நிறுவனம் தொடங்கியே அவ்வளவு காலம் ஆகவில்லை.

2023ல் நம் மாவட்ட ரேஷன் கடைகளிலேயே ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். அப்படியிருந்தும் எங்கள் ஆட்கள் அறுவடையானதும் களத்திலேயே வியாபாரியிடம் மூட்டையாக விற்கிறார்கள், மனசு கேட்கவில்லை.

இயக்குநர்களின் சொந்தச் சொத்தைப் பிணை வைக்காமல், கடன் உத்தரவாதத்தை வைத்தே இப்படிப் பொது மையத்துக்குக் கடன் வாங்கிய உற்பத்தியாளர் நிறுவனம் இங்கே இருந்தால், எந்த வங்கியில், எப்படி வாங்கினீர்கள்?