1951 செவ்ரோலே 3100 பிக்கப்: எங்கே தொடங்குவது?

கேள்வி:
வணக்கம். 1951ஆம் ஆண்டின் செவ்ரோலே 3100 பிக்கப் ஒன்றை வாங்கி, வீட்டுக் கராஜில் நிறுத்தியிருக்கிறேன். கேபினின் பின்மூலைகளும் கதவுகளுக்குக் கீழுள்ள பகுதிகளும் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டன. நெடுங்காலம் ஓடாமல் கிடந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் சுழல மறுக்கிறது. கேபினைக் கழற்றி இறக்கிவிட்டு வெல்டிங்கைத் தொடங்கலாமா? 6 வோல்ட் மின்னமைப்பை மாற்றியே ஆகவேண்டுமா?

மறுமொழி 1:
கேபினை இப்போது இறக்காதீர்கள். துருப்பிடித்த தகட்டை வெட்டியதும் கதவு நிலை நெளிந்துவிடும் என்பதால், கேபின் சேஸிஸில் பூட்டியிருக்கும்போதே நிலையின் குறுக்கே இரும்புக் கம்பிகளைத் தற்காலிகமாகப் பற்றவைத்து, ஒரு பக்கத்தை முழுமையாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். நான் அவசரப்பட்டு இரு பக்கமும் வெட்டியதில், கதவைப் பொருத்த ஒரு கோடைக்காலமே கழிந்தது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். நச்சுத் தூசு பறக்கும் என்பதால் உலர்வாகத் தேய்க்க வேண்டாம்.

மறுமொழி 2:
ஸ்டார்ட்டரால் எஞ்சினை வலுக்கட்டாயமாகச் சுழற்றாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் ஊடுருவும் எண்ணெயை ஊற்றிச் சில நாட்கள் ஊறவிட்டு, கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள். அந்த 216 கன அங்குல எஞ்சினின் கனெக்டிங் ராடுகளில் (பிஸ்டனை கிராங்க் ஷாஃப்ட்டுடன் இணைக்கும் தண்டுகள்) இருப்பவை, பாபிட் என்ற மென்மையான உலோகக் கலவையை ராடிலேயே உருக்கி வார்த்த பேரிங்குகள்; தேய்ந்திருந்தால் கடையில் வாங்கி மாட்டிவிட முடியாது.

மறுமொழி 3:
6 வோல்ட்டே போதும். அதே திறனுக்கு 12 வோல்ட்டைவிட இதில் இருமடங்கு மின்னோட்டம் பாய்வதால், 12 வோல்ட்டுக்குரிய மெல்லிய பேட்டரி கேபிளைப் போட்டவர்கள்தான் ஸ்டார்ட்டரைக் குறை சொல்கிறார்கள். தடித்த கேபிளும் சுத்தமான எர்த் இணைப்பும் கொடுங்கள். பெட்ரோல் டேங்க் இருக்கைக்குப் பின்னால் கேபினுக்குள்ளேயே இருப்பதால், வெல்டிங்குக்கு முன் அதை வெளியே எடுத்துவிடுங்கள்.